ஜீப்பில் முன் வலது வீல் பேரிங் மூன்றாவது முறையாகப் போகிறது, தப்பு எங்கே?

எர்ணாவூர்_540

வணக்கம் நண்பர்களே. வண்டி மஹிந்திரா எம்.எம். 540, 1994 மாடல், ஃபோர் வீல் டிரைவ். மாமா வைத்திருந்தது, இப்போது என்னிடம். வீடு எர்ணாவூர், வேலை காசிமேட்டில். தினமும் விடியற்காலை 3 மணிக்கு ஐஸ் பெட்டியும் சாமானும் ஏற்றிக்கொண்டு எக்ஸ்பிரஸ் சாலை வழியாகத் துறைமுகம் போய், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவேன். ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டர்கூட வராது.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வண்டி தெருவிலேயே இரண்டு நாள் நின்றது, சக்கரத்தின் நடுக்குடமான ஹப் முழுக்கத் தண்ணீருக்குள். இரண்டு மாதம் கழித்து முன் வலது சக்கரத்தில் ஊளைச் சத்தம் ஆரம்பித்தது. நான் இன்னும் கொஞ்சம் ஓடட்டும் என்று விட்டுவிட்டேன், ஒரு நாள் சக்கரமே இறுகி நின்றுவிட்டது. அது வருஷக்கணக்கில் ஓடிய பழைய பேரிங், போனதில் ஆச்சரியம் இல்லை. பக்கத்தில் இருக்கிற பட்டறையில் உள் பேரிங், வெளிப் பேரிங், சீல் எல்லாம் புதுசு போட்டார்கள். அது 7,000 கிலோமீட்டரில் போனது. மறுபடி போட்டோம், இப்போது 3,200 கிலோமீட்டர்தான் ஆகிறது, போன வாரத்திலிருந்து அதே சத்தம்.

மெக்கானிக் முதலில் டூப்ளிகேட் பேரிங் என்றார். நான் பிராட்வேயில் கம்பெனி டீலரிடம் பில் போட்டு வாங்கியது அது. பில்லைக் காட்டியதும் நீங்கள் தண்ணீரில் ஓட்டுகிறீர்கள் என்கிறார். எர்ணாவூரில் இருந்துகொண்டு தண்ணீரில் ஓட்டாமல் எப்படி இருப்பது என்று தெரியவில்லை.

நாலு சக்கரத்திலும் மாமா போட்ட அகல ரிம் இருக்கிறது, டயரும் ஒரு சைஸ் பெரிசு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

காசு போவதைவிட, விடியற்காலை இருட்டில் முன்னும் பின்னும் கன்டெய்னர் டிரெய்லர் ஓடும்போது சக்கரம் மறுபடி இறுகினால் என்ன ஆகும் என்பதுதான் மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நானே அவிழ்த்துப் பார்க்கப்போகிறேன். எதை எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை_டீசல்

அவிழ்ப்பதற்கு முன்னால் அது பேரிங் சத்தம்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள், பெரிய டயர் தேய்ந்தாலும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் ஊளையிடும். 40, 50 வேகத்தில் காலியான ரோட்டில் லேசாக இடப்பக்கம் வளையுங்கள். பாரம் வலது சக்கரத்துக்கு மாறும். சத்தம் கூடினால் வலது பேரிங். வலப்பக்கம் வளைக்கும்போது அது குறைய வேண்டும். எந்தப் பக்கம் வளைத்தாலும் மாற்றமே இல்லை என்றால் டயரைச் சந்தேகப்படுங்கள்.

அப்புறம் ஜாக்கி போட்டு, கீழே ஸ்டாண்டு வைத்து, டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் உடனே பேரிங் என்று முடிவு கட்ட வேண்டாம், இந்த வகை ஆக்ஸிலில் சக்கரம் திரும்புகிற அச்சான கிங் பின்னின் ஆட்டமும் அதே மாதிரிதான் கைக்குத் தெரியும். யாரையாவது பிரேக்கை நன்றாக மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் பேரிங், அப்படியே இருந்தால் கிங் பின்.

இன்னொன்று, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு மறு கையை ஸ்பிரிங் பட்டையில் வையுங்கள். காதுக்குக் கேட்காத சொரசொரப்புகூட கைக்கு வந்துவிடும்.

மணலி_டிரெய்லர்

சந்தேகமே வேண்டாம் சகோ, தண்ணீரும் உப்பும்தான். நான் 20 வருஷமாகப் பொன்னேரி நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுகிறேன். மீன் வண்டிகளில் இருந்து சொட்டுகிற ஐஸ் தண்ணீர் முழுக்க உப்பு, காசிமேடு வாசலில் எந்நேரமும் அது தேங்கியே கிடக்கும். ஓடி ஓடிச் சூடான ஹப்பைக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கிற காற்று சட்டென்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கிரீஸ் பால் மாதிரி வெளுத்துவிடும். எங்கள் லாரி ஷெட்டில் வெள்ளம் வடிந்ததும் எல்லா வண்டி ஹப்பையும் அவிழ்த்துக் கழுவிப் புது கிரீஸ் அடைத்த பிறகுதான் லோடு ஏற்றுவோம், ஓடுகிற வரை ஓடட்டும் என்று விட்ட வண்டி ஒவ்வொன்றும் இரண்டு மூன்று மாதத்தில் நின்றது.

நல்ல லித்தியம் கிரீஸ், ஏபி 3 மாதிரி, போடுங்கள். பழைய கிரீஸின் மேலேயே புதுசைப் பூசாதீர்கள், சில வகைகள் ஒன்றோடொன்று சேராமல் தண்ணீர் மாதிரி இளகி ஓடிவிடும்.

லேத்து_பட்டறை

தம்பி, முதல் விஷயம், பழைய பேரிங்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். போன முறை கழற்றியது பட்டறையில் கிடந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள். எதனால் போனது என்பது அதன் மேலேயே இருக்கும்.

மணலி அண்ணன் சொல்வது பொதுவாகச் சரி, ஆனால் இந்த வண்டிக்கு ஒத்துவருமா என்று எனக்குச் சந்தேகம். நம் ஊரில் இடப்பக்கம்தான் ஓட்டுகிறோம், தண்ணீர் தேங்குவதும் ரோட்டின் இடது ஓரத்தில்தான். தண்ணீர் மட்டுமே காரணம் என்றால் இடது சக்கரம் முதலில் போயிருக்க வேண்டும், குறைந்தபட்சம் இரண்டும் சேர்ந்து போயிருக்க வேண்டும். புயலில் இரண்டு ஹப்பும் ஒன்றாகத்தான் மூழ்கின, இடது இன்னும் ஓடுகிறது. அகல ரிம்மும் அப்படித்தான், நாலிலும் இருக்கிறது. ரிம் வெளியே தள்ளி நின்றால் பாரம் இரண்டு பேரிங்குக்கும் நடுவில் விழாமல் வெளியே போய் நெம்புகோல் மாதிரி வேலை செய்யும், ஆயுள் குறையும், அது உண்மை. ஆனால் வலதை மட்டும் தேடிப்பிடித்து 3,200 கிலோமீட்டரில் கொல்லாது. அந்த ஒரு ஹப்பில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

ஞாயிறு அவிழ்க்கும்போது மண்ணெண்ணெயில் கழுவி, பனியன் வேஸ்டால் துடைத்துவிட்டு, வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். ரோலர்கள் நிற்கிற இடைவெளியிலேயே கப்பில், அதாவது பேரிங்கின் வெளி வளையத்தில், கறுப்பு அல்லது துருக் கோடுகள் இருந்தால் தண்ணீர் உள்ளே போய் வண்டி சும்மா நின்றிருக்கிறது. அதே இடைவெளியில் பள்ளமாகக் குத்தியிருந்தால் சம்மட்டி அடி, அல்லது பெரிய குழியில் விழுந்த அடி. நீலம் பாய்ந்திருந்தால் சூடு, அதாவது நட்டை அளவுக்கு மேல் இறுக்கியிருக்கிறார்கள் அல்லது கிரீஸ் இல்லை. துணி துவைக்கிற கல் மாதிரி வரிவரியாக இருந்தால் கரன்ட் பாய்ந்திருக்கிறது, எங்கேயாவது பம்பர் வெல்டிங் அடிக்கும்போது எர்த்தைத் தப்பான இடத்தில் மாட்டினால் பேரிங் வழியாகத்தான் போகும்.

முக்கியமாகக் கப்பில் ரோலர் ஓடிய தடத்தைப் பாருங்கள். சுற்றிலும் ஒரே அகலத்தில் நேராக ஓடியிருக்கிறதா, அல்லது ஒரு பக்கம் மேலேயும் எதிர்ப்பக்கம் கீழேயுமாக ஏறி இறங்குகிறதா?

எர்ணாவூர்_540

அவிழ்த்துவிட்டேன். காலை 7 மணிக்கு ஆரம்பித்து மதியம் 2 ஆகிவிட்டது. பிரேக் மிதித்ததும் ஆட்டம் மறைந்தது, அதனால் கிங் பின் நன்றாக இருக்கிறது.

பார்த்ததை அப்படியே சொல்கிறேன். ஹப் நட்டின் ஆறு முகமும் உளி பட்டுச் சப்பையாகி இருக்கிறது, பாக்ஸ் ஸ்பேனரே உட்காரவில்லை. நட் கழலாமல் பிடிக்கிற லாக் வாஷரை மடக்கவே இல்லை. கிரீஸ் வெளுக்கவில்லை, கறுப்பாக, கருகின வாசனையோடு இருந்தது. வெளிப் பேரிங் பார்க்க ஓரளவு நன்றாகத்தான் இருக்கிறது. உள் பேரிங்கின் கோன், அதாவது உள் வளையம், லேசாக நீலம் பாய்ந்து, கீழ்ப்பாதியில் மட்டும் தோல் உரிந்த மாதிரி இருக்கிறது, மேல்பாதி கண்ணாடி மாதிரி. உள் கப்பின் தடம் நீங்கள் கேட்டபடியேதான் அண்ணா, ஒரு பக்கம் விளிம்பு வரை ஏறி, நேர் எதிரே அடி விளிம்புக்கு இறங்குகிறது. சாய்ந்து ஓடியது எனக்கே கண்ணால் தெரிகிறது.

இன்னொன்றும் பார்த்தேன். கப்பைத் தட்டி எடுக்கலாம் என்று பஞ்சை வைத்தேன், இரண்டே தட்டில் கீழே விழுந்துவிட்டது. இவ்வளவு லேசாக வரலாமா? கப்பின் வெளிப்பக்கம் பளபளவென்று மெருகேறி, காப்பித்தூள் மாதிரி பழுப்புப் பொடி ஒட்டியிருந்தது. அது உட்காருகிற ஹப் துளையைத் துடைத்துப் பார்த்தால் உள்சுவரில் வரிசையாகப் புள்ளிப் புள்ளியாக யாரோ சென்டர் பஞ்சால் குத்தி வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் நெருக்கமாக, எதிர்ப்பக்கம் இரண்டே இரண்டு புள்ளி.

லேத்து_பட்டறை

அந்தப் புள்ளிகள்தான் தம்பி. நீங்கள் தேடியது அதுதான்.

நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். வெள்ளத்துக்குப் பிறகு முதல் பேரிங் இறுகி நின்றபோது ரோலர் சுற்றவில்லை, சக்கரம் சுற்ற வேண்டுமே, அதனால் கப்பு ஹப்புக்குள் சுற்றித் துளையைத் தின்றுவிட்டது. கப்பு துளையில் அழுத்தித்தான் உட்கார வேண்டும், கையால் போட்டால் போகவே கூடாது. துளை பெரிசானதும் புதுக் கப்பு கலகலவென்று ஆடியிருக்கும். அதைப் பிடித்து நிறுத்தச் சென்டர் பஞ்சால் குத்தி, சுவரைப் புடைக்கவைத்து, கப்பை அதில் அடித்து இறக்கியிருக்கிறார்கள். பட்டறைகளில் இது காலங்காலமாக நடப்பதுதான், அவசரத்துக்கு ஊர் போய்ச் சேர உதவும். ஆனால் புடைத்த முனைகள் நாலு நாளில் நசுங்கிவிடும், நசுங்குவதும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி நசுங்காது. உங்களுடையதில் ஒரு பக்கம் நெருக்கமாகக் குத்தியதால் கப்பு முதல் நாளிலிருந்தே சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது.

கப்பு சாய்ந்தால் ரோலரின் முழு நீளத்தில் தாங்க வேண்டிய பாரத்தை ஒரு நுனி தாங்கும். சக்கரத்தில் லேசாக ஆட்டமும் தெரியும். அந்த ஆட்டத்தைப் போக்க நட்டை உளி வைத்து இறுக்கியிருக்கிறார்கள், அதனால் சூடு, அதனால் நீலம், அதனால் கிரீஸ் கருகியது. இரண்டாவது தடவை போட்டபோது துளை இன்னும் தேய்ந்திருந்தது, அதனால்தான் 7,000 ஓடியது 3,200 ஆனது. மூன்றாவது போட்டால் 1,000 தாண்டாது. பேரிங் கம்பெனியும் டீலரும் இதில் ஒன்றும் செய்யவில்லை.

கோன் கீழ்ப்பாதியில் மட்டும் உரிந்ததைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கோன் ஸ்பிண்டிலில், அதாவது ஹப்பைத் தாங்குகிற தண்டில், நிற்கிறது, சுற்றுவதில்லை, வண்டியின் பாரம் எப்போதும் அதன் கீழ்ப்பக்கத்தில்தான் விழும்.

இனி இரண்டே வழி. லேத்தில் துளையைப் பெரிசாகக் கடைந்து ஸ்லீவ் என்கிற வளையத்தை அடித்து, மறுபடி சரியான அளவுக்குக் கடைவது ஒன்று. வேறு ஹப் தேடுவது இன்னொன்று. வில்லிஸ், சி.ஜே. ஜீப் காலத்து ஹப்பில் உள்ளேயும் வெளியேயும் ஒரே பேரிங்தான், கோன் 18590, கப்பு 18520, கப்பின் வெளிவிட்டம் 73.025 மில்லிமீட்டர். உங்களுடையதில் பொறித்திருக்கிற நம்பரைப் பார்த்துவிட்டு அந்த அளவை எடுங்கள்.

புழல்_மோட்டார்ஸ்

ஸ்லீவுக்கு நான் ஓட்டுப் போட மாட்டேன். ஹப்பின் சுவர் அந்த இடத்தில் கனமில்லை, கடைந்து கடைந்து மெலிந்துவிடும். அதோடு உள் கப்பும் வெளிக் கப்பும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும், லேத்தில் ஹப்பை ஒரே பிடிப்பில் கட்டி இரண்டு துளையையும் டயலில் பார்த்துச் செய்கிற ஆள் கிடைத்தால்தான் அது வேலைக்கு ஆகும். புதுப்பேட்டையில் இந்த ஹப் கிடைக்கும். கடையிலேயே அளந்து பார்த்து எடுங்கள், அளக்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

ஸ்பிண்டிலில் சீல் உரசுகிற இடத்தையும் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டுகிற அளவுக்குக் கோடு விழுந்திருந்தால் புது சீல் போட்டும் பிரயோஜனம் இல்லை. முன் ஆக்ஸில் ஹவுசிங் மேலே இருக்கிற பிரீதரையும், அதாவது காற்றுப் போகிற துளையையும், ஊதிப் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியில் அது சேறு அடைத்துத்தான் இருக்கும். அடைத்தால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, கியர் ஆயில் உள் சீலைத் தாண்டி, சக்கரத்தைத் திருப்புகிற மூட்டான நக்கிளுக்கு வந்து, அங்கிருந்து ஹப்புக்குள் புகுந்து கிரீஸை அலசிவிடும்.

மணலி_டிரெய்லர்

லேத்து அண்ணன் சொன்னது சரி, இடது சக்கரத்தை நான் யோசிக்கவில்லை. என் தம்பி இப்போதைய மாடல் ஃபோர் வீல் வண்டி வைத்திருக்கிறான், சீல் பண்ணி வருகிற ஹப் பேரிங். அவனுக்கும் 9,000 கிலோமீட்டரில் போனது, கூடவே ஏ.பி.எஸ். விளக்கும் எரிகிறது. அதுவும் இந்த மாதிரிதானா?

புழல்_மோட்டார்ஸ்

அது வேறு கதை. அந்த வகையில் அநேகமாகப் பிரஸ்ஸில் அழுத்தும்போதுதான் கெடும். நக்கிளுக்குள் இறக்கும்போது வெளி வளையத்தை அழுத்த வேண்டும், அப்புறம் ஹப்பை ஏற்றும்போது உள் வளையத்துக்கு அடியில் முட்டு கொடுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் அழுத்தம் முழுக்கக் குண்டுகள் வழியாகப் போய்த் தடத்தில் குழி விழும், போட்ட அன்றைக்கே அதன் ஆயுள் முடிந்த மாதிரி. ஏ.பி.எஸ். விளக்கு எரிகிறது என்றால் பேரிங்கைத் திருப்பிப் போட்டிருக்கலாம். ஒரு பக்க சீலில் காந்தப் பட்டை இருக்கும், அது சென்சார் பக்கம் பார்க்க வேண்டும். நடு நட்டையும் அந்த வண்டிக்குச் சொல்லியிருக்கிற டார்க்கில் மட்டும் இறுக்கச் சொல்லுங்கள், இம்பாக்ட் கன்னால் வேண்டாம்.

எர்ணாவூர்_540

எல்லோருக்கும் மனசார நன்றி. முடித்துவிட்டேன், எழுதி வைக்கிறேன், அடுத்தவருக்கு உதவும்.

பேரிங் நம்பர் நீங்கள் சொன்னதேதான். தண்டையார்பேட்டையில் ஒரு லேத்தில் என் ஹப்பை அளந்தோம், உள் துளை 73.11. கப்பைவிடத் துளை பெரிசு. புதுப்பேட்டையில் நாலு ஹப் பார்த்தேன், இரண்டில் இதே சென்டர் பஞ்ச் புள்ளிகள். நாலாவதில் இரண்டு துளையும் 72.99, சுத்தமாக இருந்தது, அதை எடுத்தேன். கடைக்காரர் தானாகவே மைக்ரோமீட்டர் எடுத்துக் கொடுத்தார்.

கப்பை அடித்து இறக்க எனக்கு மனசில்லை. இரண்டு கப்பையும் எண்ணெய் தடவி, பிளாஸ்டிக் கவரில் காற்றுப் போகாமல் கட்டி, துறையில் இருந்து கொண்டுவந்த ஐஸ் தூளில் உப்புப் போட்டு இரண்டு மணி நேரம் புதைத்து வைத்தேன். ஹப்பை மாடியில் வெயிலில் போட்டு, கடைசியாகக் கொதிக்கிற தண்ணீரும் ஊற்றித் துடைத்தேன். லேத்து அண்ணன் போனில் கணக்குச் சொன்னார், 73 மில்லிமீட்டர் இரும்புக்கு 50 டிகிரி வித்தியாசம் இருந்தால் 0.04 மில்லிமீட்டர் கிடைக்கும், நமக்கு வேண்டியது அதுதான் என்று. கப்பை வைத்து, பழைய கப்பைக் கவிழ்த்து அதன் மேல் மரக்கட்டையால் லேசாக நாலு தட்டு. அடியில் போய் உட்கார்ந்தபோது சத்தம் 'டொக்'கில் இருந்து 'டிங்' என்று மாறியது. 0.03 மில்லிமீட்டர் பட்டையை அடியில் சுற்றிலும் விட்டுப் பார்த்தேன், எங்கேயும் நுழையவில்லை.

பிரீதர் களிமண்ணாக அடைத்துத்தான் இருந்தது. ஸ்பிண்டில் நகத்துக்கு வழவழப்பாக இருந்தது. நட், லாக் வாஷர், சீல் எல்லாம் புதுசு. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே 50 அடி பவுண்டுக்கு, அதாவது 68 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, ஆறு முகத்தில் ஒரு முகம் அளவுக்குத் தளர்த்தி, வாஷரை மடக்கி லாக் நட் போட்டேன். நல்ல பாக்ஸ் ஸ்பேனர் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம், லேத்திலேயே குழாயில் ஒன்று செய்து கொடுத்தார்கள்.

இன்றைக்கு 410 கிலோமீட்டர். காசிமேடு போய் இறங்கியதும் இரண்டு முன் ஹப்பிலும் கை வைத்துப் பார்க்கிறேன், வலதும் இடதும் ஒரே இளஞ்சூடு. ஊளைச் சத்தம் இல்லை.

லேத்து_பட்டறை

சந்தோஷம் தம்பி. 1,000 கிலோமீட்டரில் ஒரு தடவை ஜாக்கி போட்டு ஆட்டிப் பாருங்கள், புதுக் கப்பு அமர்ந்த பிறகு நட்டைக் கொஞ்சம் இறுக்க வேண்டியிருக்கும். அந்தப் பழைய ஹப்பைக் காயலான் கடையில் போடாதீர்கள், திரும்பவும் யாருக்காவது போய்ச் சேர்ந்துவிடும். உடைத்துப் போடுங்கள், இல்லை என்னிடம் கொடுத்துவிடுங்கள்.

எர்ணாவூர்_540

புதன்கிழமை கொண்டுவருகிறேன் அண்ணா. இடப்பக்க ஹப்பும் அதே வெள்ளத்தில் நின்றதுதானே, இந்த ஞாயிறு அதையும் அவிழ்த்துக் கழுவுகிறேன். ஸ்பேனருக்கு இன்னும் ஒருவாரம் வேலை இருக்கிறது.